முதலில் சுட்டது யார், மாப்பிள்ளை?

மாப்பிள்ளை,

தீபாவளியன்று உங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோமே, மின்தூக்கி கீழே வந்து சேர்வதற்குள் பாப்பா தலையை அவிழ்த்துவிட்டாள். மூன்று கொண்டை, ஒன்றின் கீழ் ஒன்றாக, புதிய ஸ்டார் வார்ஸ் படங்களின் நாயகி ரே போடுகிற மாதிரி. உன் அத்தை காலையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து போட்டுவிட்டது. ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி என் சட்டைப்பையில் போட்டாள். பதினோரு ஊசி. வாயைத் திறக்கவில்லை.

நீ திட்டவில்லை, தெரியும். "ரேயெல்லாம் ஒரு கேரக்டரா? ஒரிஜினல் ஸ்டார் வார்ஸ் பார்த்திருக்கியா?" என்றாய். அப்புறம் எல்லார் முன்னாலும் ஒரு வினாடி வினா. அவளுக்கு 12 வயது, மாப்பிள்ளை.

சரி, அந்த ஒரிஜினலைப் பற்றியே பேசுவோம். 1977-ல் படம் வந்தபோது 'எபிசோட் 4' என்ற தலைப்பே அதில் இல்லை; 1981 மறுவெளியீட்டில்தான் ஒட்டினார்கள். நாயகன் லூக்கின் அப்பாவை வில்லன் வேடர் கொன்றுவிட்டான் என்று முதல் படம் சொன்னது, மூன்று வருடம் கழித்து வேடரே அப்பா என்றது. மதுக்கடைக் காட்சி இருக்கிறதே, அதன் கதை இன்னும் வேடிக்கை. 1977-ல் கடத்தல்காரன் ஹான் சோலோ மேசைக்கடியில் துப்பாக்கியை மெல்ல உருவி, தன்னைப் பிடிக்க வந்து பேசிக்கொண்டிருந்த கிரீடோவைச் சுட்டுவிட்டு எழுந்து போகிறான். 1997 பதிப்பில் கிரீடோ முதலில் சுடுகிறான், அதுவும் கைக்கெட்டும் தூரத்தில் குறி தவறி! 2004-ல் இரண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் சுடுகிறார்கள். 2019-ல் டிஸ்னி பிளஸ்ஸில் வந்தபோது கிரீடோ 'மக்ளங்கி' என்று ஏதோ கத்திவிட்டுச் சுடுகிறான். இதில் எதை ஒரிஜினல் என்கிறாய்?

ஹான் ஈவிரக்கமற்ற கொலைகாரனாகத் தெரியக் கூடாது என்பது படத்தை எடுத்த லூகாஸ் சொன்ன காரணம். எனக்கு அந்த மாற்றம் பிடிக்கவில்லை. ஆனால் அந்தக் காரணம் நமக்குப் புதிதா? வால்மீகியில் இராவணன் சீதையின் கூந்தலைப் பற்றித் தூக்கிக்கொண்டு போகிறான். கம்பனுக்கு மனம் வரவில்லை; சீதையைத் தொடவிடாமல் பர்ணசாலையோடு நிலத்தையே பெயர்த்து எடுக்க வைத்தான். கம்பன் கெடுத்துவிட்டான் என்று யாரும் படிப்பதை நிறுத்திவிடவில்லை.

மேசைக்கடியில் துப்பாக்கி என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது மறைந்திருந்து வந்த அந்த அம்புதான். தொடக்கக்கல்லூரியில் வாலி வதம் பட்டிமன்றத்தில் நான் வாலி கட்சி. இராமனைக் கிழி கிழி என்று கிழித்தேன். கைதட்டலில் மிதந்துகொண்டு இறங்கினால், தமிழாசிரியர் கூப்பிட்டு, "அடுத்த வாரம் நீ இராமன் பக்கம் பேசு" என்றார். பேசினேன், வியர்த்தது. உங்கள் ரசிகர் சண்டையில் எனக்குக் குறையாகப் படுவது அந்த அடுத்த வாரம்தான்.

நான் மட்டும் யோக்கியமா? 1999-ல் தேசிய சேவையில் இருந்தேன். விடுப்பில் வந்து வரிசையில் நின்று ஸ்டார் வார்ஸ் முன்கதையான 'தி ஃபாண்டம் மெனஸ்' பார்த்துவிட்டு, அதில் வரும் கோமாளி ஜார் ஜார் பிங்க்ஸை வாய் வலிக்க ஏசினேன். இன்று நீ தலையில் வைத்துக் கொண்டாடுகிறாயே, அதே முன்கதைப் படங்களைத்தான். ஜார் ஜாராக நடித்த அகமது பெஸ்ட், அந்த ஏச்சு தன்னைத் தற்கொலையின் விளிம்பு வரை கொண்டுபோனது என்று 2018-ல் வெளிப்படையாகச் சொன்னார். நான் ஏசியது கோப்பிக் கடையில் நாலு பேர் காதோடு போயிற்று. இருந்தாலும் அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. 2023-ல் 'தி மாண்டலோரியன்' தொடரில் அவரை ஜெடை வீரராகப் பார்த்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

உன் குறைகள் எல்லாமே தப்பு என்று சொல்ல வரவில்லை. 2017 ஸ்டார் வார்ஸ் படத்தில் அந்தச் சூதாட்ட நகரப் பகுதி ஜவ்வு. முன்பே செத்துப்போன வில்லன் பால்படைனை 2019 படத்தில் "எப்படியோ திரும்பி வந்துவிட்டான்" என்று ஒரே வசனத்தில் எழுப்பியது சுத்தச் சோம்பேறித்தனம். மார்வெல் விஷயத்தில் நான் முழுக்க உன் கட்சி: 2008 'அயர்ன் மேன்' முதல் 2019 'எண்ட்கேம்' வரை 22 படம் பார்த்தவனைக் கூட, 'தி மார்வெல்ஸ்' புரிய இரண்டு தொடர் பார்த்துவிட்டு வா என்றால் எப்படி? இதையெல்லாம் பாப்பாவிடம் சொல்லியிருந்தால் அவளும் சண்டைக்கு வந்திருப்பாள். அவளுக்கும் பால்படைன் வந்தது பிடிக்கவில்லை. நீ கேட்கவே இல்லையே.

ஒன் நார்த்தில் லூகாஸ் கம்பெனி இருந்த அந்த சேண்ட்கிராலர் கட்டடம் நினைவிருக்கிறதா? திறந்த புதிதில் அழைத்துப் போனேன், நீ தொடக்கப்பள்ளி நாலாம் வகுப்பு. பாலைவனக் கோளில் பழைய இரும்பு பொறுக்கித் திரியும் ஜாவாக்களின் வண்டி மாதிரியே இருக்கிறது என்று நடைபாதையில் குதித்தாய். யோடா நீரூற்றுப் பக்கத்தில் நின்று எடுத்த படம் இன்னும் அக்கா வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறது. அன்று நான் உன்னிடம் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. அங்கிருந்த ஸ்டூடியோவை மூடப்போவதாக 2023-ல் அறிவித்தபோது நீ வருத்தப்பட்டு எழுதியிருந்தாய். நீ குப்பை என்கிற 2015 படம், பாப்பாவின் ரே வருகிற படம், அதன் கிராபிக்ஸில் அந்தச் சிங்கப்பூர் ஸ்டூடியோவுக்கும் பங்கு உண்டு. அது தெரியுமா உனக்கு?

வரும் ஞாயிறு எங்கள் வீட்டில் முதல் படத்தைப் போடுகிறோம். 'மக்ளங்கி' பதிப்புதான், வேறு வழியில்லை. மதுக்கடைக் காட்சி வரும்போது நீ வாயைத் திறக்காதே, அவள் என்ன சொல்கிறாள் என்று முதலில் கேட்போம். அப்புறம் நீ கிரீடோ கட்சி.

வரும் வழியில் தேக்காவில் முறுக்கு வாங்கி வா. போன தடவை வாங்கிய கடையில் வேண்டாம், எண்ணெய் வாடை.

அன்புடன்,
மாமா