டிஸ்சார்ஜ் சீட்டில் இல்லாத ஒரு வரி

பொது மருத்துவ வார்டுகளை நடத்தும் மருத்துவர்களுக்கும் செவிலியர் கண்காணிப்பாளர்களுக்கும்,

வணக்கம். படுத்திருக்கும் முதியவர்களை எழுப்பி நடக்கவைக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். என் கைக்கு வரும் கேஸ் ஷீட்டில் சோடியம் அளவு இருக்கும், கிரியாட்டினின் இருக்கும், எக்ஸ்ரே முடிவு இருக்கும். இந்த அம்மா நோயில் விழுவதற்கு முன் தானே குளித்தாரா என்பது இருக்காது. நிமோனியாவோடு வந்தவரை இன்று இரண்டு பேர் தாங்கினால்தான் நிற்கிறார் என்றால், அது பழைய நிலையா, இங்கே வந்தபின் நேர்ந்ததா? யாருக்கும் தெரியாது. "வயசாச்சுல்ல" என்ற பதில் மட்டும் ரவுண்ட்ஸில் உடனே வந்துவிடும்.

70 வயதைத் தாண்டி மருத்துவமனையில் சேர்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர், முன்பு தானே செய்துவந்த அன்றாட வேலை ஒன்றையாவது இழந்துதான் வெளியேறுகிறார். வந்த நோய் குணமானவர்களும் இதில் அடக்கம். நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த முதியவர்களையே 10 நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஆய்வொன்றில், கால்களில் மட்டும் ஒரு கிலோவுக்கு நெருக்கமாகத் தசை கரைந்தது. நம் வார்டில் இருப்பவர்களோ காய்ச்சலோடு, சரியாகச் சாப்பிடாமல், கையில் டிரிப்ஸும் கீழே யூரின் டியூபுமாகக் கிடக்கிறார்கள்.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். சேர்ந்த அன்றே, இரண்டு வாரத்துக்கு முன் அவர் எப்படி இருந்தார் என்று எழுதிவையுங்கள். சேரும் நாளின் நிலை அளவுகோல் ஆகாது. நோய் அதற்குள் அவரைக் கீழே இழுத்திருக்கும்.

இதை அளக்கும் கருவிகள் பழையவைதான். 1963-இல் வந்த காட்ஸ் அட்டவணை ஆறு விஷயம் கேட்கிறது: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போவது, படுக்கையிலிருந்து எழுவது, மலசலக் கட்டுப்பாடு, சாப்பிடுவது. 1965-இன் பார்த்தெல் குறியீட்டில் பத்து அம்சங்கள், மொத்தம் 100 மதிப்பெண். இதை நிரப்பும் வார்டுகளும் உண்டு. ஆனால் கூட்டுத்தொகையை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஒருவர் நடக்கிறார், மலமும் சிறுநீரும் கட்டுப்படவில்லை. இன்னொருவருக்குக் கட்டுப்பாடு முழுதாக இருக்கிறது, நடக்கத்தான் முடியவில்லை. இருவருமே 60 வாங்கலாம். வீட்டில் தேவைப்படும் உதவியோ முற்றிலும் வேறு. தயவுசெய்து எண்ணோடு சேர்த்து எது போயிற்று என்றும் எழுதுங்கள்.

கேட்கும் விதம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம் என்று நினைக்கிறேன். "நடப்பீங்களா ஐயா?" என்றால் "நடப்பேனே" என்பார்; மானம் விடுமா? "நேத்து ராத்திரி பாத்ரூமுக்கு எப்படிப் போனீங்க, கூட யார் வந்தாங்க?" என்று கேளுங்கள். பார்த்தெல் குறியீடும் செய்ய முடிவதைக் கணக்கில் எடுப்பதில்லை, உண்மையில் செய்வதைத்தான் எடுக்கிறது. பக்கத்தில் ஒருவர் காவலுக்கு நின்றே ஆகவேண்டும் என்றால் அவர் தானே செய்பவர் ஆகமாட்டார். மகளிடம் கேட்டால் "எல்லாம் நாங்களே செஞ்சிடுவோம்" என்பார். அது பாசத்தால் செய்வதா, அவரால் முடியாமல் செய்வதா என்று இன்னொரு கேள்வி கேட்டால்தான் தெரியும். காலையில் தெளிவாகப் பேசியவர் மாலையில் குழம்பிப்போகலாம் என்பதால் ஒரு வேளை பார்த்தது போதாது. இதிலெல்லாம் வார்டு உதவியாளருக்குத் தெரிந்த அளவு நம்மில் யாருக்கும் தெரியாது. அவரிடம்தான் யாரும் கேட்பதில்லை.

பார்த்தெல்லில் 100 வாங்கியவர் தனியாக வாழ்ந்துவிடுவார் என்றும் எண்ணவேண்டாம். அதை உருவாக்கியவர்களே அப்படிச் சொல்லவில்லை. சமையல், போன், பணம், மாத்திரை இவற்றைக் கேட்கும் லாட்டன் அட்டவணை 1969-இலேயே வந்துவிட்டது. புதிதாக இன்சுலின் எழுதிக்கொடுத்து அனுப்பும்போது, ஊசியைப் போடப்போவது யார்?

டிஸ்சார்ஜ் சீட்டில் இப்படி ஒரு வரி போதும்: "முன்பு: கோலோடு தானே நடந்தார், தானே குளித்தார். இப்போது: வாக்கரோடு ஒருவர் துணை வேண்டும், குளிப்பாட்ட வேண்டும்." அதைப் பயிற்சி மருத்துவர் எழுதுவதா, செவிலியர் எழுதுவதா என்று நீங்கள் முடிவுசெய்யுங்கள். எங்களிடம் விட்டாலும் எழுதுகிறோம். காலை ரவுண்ட்ஸில் ரத்தப் பரிசோதனை முடிவுகளோடு அதையும் வாசிக்க, ஒரு படுக்கைக்கு ஒரு நிமிடம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வார்டுகளில் வேலைபார்க்கும் ஒரு பிசியோதெரபிஸ்ட்