நான் துரத்திய பையன்

திண்டுக்கல்,
ஞாயிறு இரவு

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. சோம்பலால் தாமதிக்கவில்லை. நீ கேட்டிருந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுத இரண்டு முறை உட்கார்ந்து, எழுதாமலே எழுந்துவிட்டேன்.

முதலில் வீட்டுச் செய்தி. கமலாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடிப்படி ஏறுகிறாள். சின்னவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. நம் கணக்கு வாத்தியார் சென்ற மாதம் தவறிவிட்டார். கடைசிவரை நம் இருவர் பெயரும் நினைவிருந்ததாம்.

ஆஸ்திரேலியாவில் நீ இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் மண் நம் தேரிக்காட்டு மண்ணைப் போலச் சிவந்து கிடக்கிறது என்று எழுதியிருந்தாய். மகள் இரவுப் பணிக்குப் போனபின் தனியாக உட்கார்ந்து எழுதிய கடிதம் என்பது எழுத்திலேயே தெரிந்தது. அங்கே பங்க்கில் 'ஓப்பல்' என்று ஒரு பெட்ரோல் விற்கிறார்கள், பழங்குடிப் பிள்ளைகள் பெட்ரோலை முகர்ந்து அழிந்துகொண்டிருந்ததால் 2005 முதல் அதைக் கொண்டுவந்தார்கள், போதை தரும் பொருள்கள் சாதாரணப் பெட்ரோலில் 25 சதவீதம் என்றால் இதில் 5 சதவீதம்தான் என்றெல்லாம் விவரமாக எழுதியிருந்தாய். பிறகு ஒரே ஒரு வரி: "நீ பெயின்டில் கலக்கும் தின்னரும் பசையும் விற்கிறவன். உன் ஊரில் இப்படி ஒன்றும் இல்லையா?"

இருக்கிறது, சண்முகம். என் கடை வாசலிலேயே இருந்தது.

பங்குனி மாதம். பதின்மூன்று வயதிருக்கும், ஒரு பையன் ஒரே வாரத்தில் மூன்று முறை பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் வாங்கிப் போனான். நானேதான் எடுத்துக் கொடுத்தேன், சில்லறையையும் எண்ணிக் கொடுத்தேன். இருபத்தெட்டு வருடமாகக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறவன், சைக்கிள் இல்லாத பையனுக்குச் சொல்யூஷன் எதற்கு என்று ஒரு முறையாவது கேட்டிருக்க வேண்டாமா? நான்காம் நாள் கிடங்குச் சந்தில் சுவரோரம் அவன் குந்தியிருப்பதைப் பார்த்தேன். முகத்தில் ஒரு துணி. கண் இரண்டும் சிவந்து, எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. அளவுகோலை எடுத்துக்கொண்டு கத்தினேன். அவன் எழுந்து ஓடினான். நானும் விடாமல் பேருந்து நிலையச் சுவர்வரை துரத்தினேன். சாக்கடையில் விழுந்து, எழுந்து, திரும்பிப் பார்க்காமல் ஓடிவிட்டான். "இனி இந்தப் பக்கம் தலைவைக்க மாட்டான்" என்று கடைப் பையன்களிடம் பெருமையாகச் சொன்னேன்.

ஒரு வாரம் கழித்து, வீட்டுக்கு வண்ணம் பூசப் பெயின்ட் வாங்க ஒரு மனநல மருத்துவர் வந்தார். பேச்சோடு பேச்சாக இதைச் சொன்னேன். அவர் கையிலிருந்த வண்ண அட்டையைக் கீழே வைத்துவிட்டார். "ஐயா, அந்தப் பையன் உயிரோடு இருப்பது அவனுடைய அதிர்ஷ்டம், உங்களுடைய அதிர்ஷ்டம்" என்றார்.

அவர் விளக்கியதை அப்படியே எழுதுகிறேன், உன் மகளிடமும் கேட்டுப் பார். முகரும் பசையின் ஆவி நுரையீரலில் நுழைந்து சில நொடிகளில் மூளைக்கும் இதயத்துக்கும் போய்விடுகிறது. அந்த நேரத்தில் இதயம், பயத்தில் சுரக்கும் அட்ரினலினைத் தாங்க முடியாத நிலையில் இருக்கும். திடீரென்று ஒரு பயம், ஒரு அதட்டல், ஓர் ஓட்டம் போதும்: துடிப்பு தாறுமாறாகி அங்கேயே நின்றுவிடலாம். முதல் முறை முகர்ந்த பிள்ளைகளே இப்படி இறந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1970இலேயே ஒரு மருத்துவர் இப்படிப்பட்ட 110 திடீர் மரணங்களைத் தொகுத்து எழுதியிருக்கிறாராம். ஐம்பது வருடத்துக்கு மேலாக மருத்துவ உலகம் அறிந்திருக்கும் ஒன்றை, அந்தப் பசையை விற்கும் நான் அறியவில்லை.

அன்று இரவு நான் சாப்பிடவில்லை. கமலா என்னவென்று கேட்டாள். சொன்னேன். அவள், "பையன் எங்கே இருக்கிறான் என்று போய்ப் பாருங்கள்" என்றாள்.

இட்லிக்கடை அம்மாவுக்கு அவனைத் தெரிந்திருந்தது. அப்பா விட்டுவிட்டுப் போய்விட்டார். அம்மா நூற்பாலையில், பாதி நாள் இரவு ஷிப்ட். பார்த்துக்கொண்டிருந்த பாட்டியும் இறந்தபின் பள்ளிக்கூடம் நின்றுபோயிருக்கிறது. இட்லிக்கடை அம்மா கேட்டதற்கு அவன் சொன்ன பதிலை என்னால் மறக்க முடியவில்லை: "அதை இழுத்தால் பசிக்காது." நான் அவனைப் போக்கிரி என்று நினைத்துத் துரத்தியிருக்கிறேன்.

நம் நாட்டுக் கணக்கையும் மருத்துவர் சொன்னார். 2019இல் மத்திய அரசுக்காக எய்ம்ஸ் மருத்துவமனை வெளியிட்ட ஆய்வில், முகரும் போதை பத்து முதல் பதினேழு வயதுப் பிள்ளைகளில் 1.17 சதவீதம், பெரியவர்களில் 0.58 சதவீதம். மது, கஞ்சா எதை எடுத்தாலும் பெரியவர்கள்தான் அதிகம். இது ஒன்றுதான் தலைகீழ். அப்படியிருந்தும் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் பசைக்கும் தின்னருக்கும் இடமில்லை, அவை தொழிலுக்கான சரக்கு. எழுத்தழிக்கும் வெள்ளை மையைப் புட்டியில் விற்பதற்கு மட்டும் 2012இல் தடை வந்தது. பெட்ரோல் ஒன்றை மாற்றிவிடலாம் சண்முகம், என் கடையில் மட்டும் இப்படிப்பட்ட சரக்கு நாற்பது இருக்கும்.

அதனால் நீ ஓப்பலைப் பற்றி எழுதியதைவிட யுவெண்டுமு கிராமத்தைப் பற்றி எழுதியதைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். ஓப்பல் வருவதற்குப் பதினோரு வருடம் முன்பே, 1994இல், வார்ல்பிரி பழங்குடி முதியவர்கள் பெட்ரோல் முகர்ந்த தங்கள் பிள்ளைகளை நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், மவுன்ட் தியோ என்ற இடத்துக்குக் கூட்டிப்போய்க் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார்கள் என்றாயே, அதைத்தான். இதை மறக்கடிக்கத் தனி மருந்து கிடையாது என்கிறார் மருத்துவர். சோறு, தூக்கம், விட்டுப் போகாத ஓர் ஆள், கைக்கு ஒரு வேலை. அந்த முதியவர்கள் செய்ததும் அதுதானே?

கடையில் சில மாற்றங்கள் செய்தேன். சொல்யூஷனும் சிறிய தின்னர் புட்டியும் கல்லாவுக்குப் பின்னால் போய்விட்டன, சிறுவர்களுக்குத் தருவதில்லை. பள்ளி வேலைக்கு என்று வந்தால் தண்ணீரில் கரையும் வெள்ளைப் பசை. வியாபாரிகள் கூட்டத்தில் பேசினேன். "நாம் கொடுக்காவிட்டால் அடுத்த கடையில் வாங்குவான்" என்றார்கள். அந்த அடுத்த கடைக்காரரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். பதினொரு பேர் ஒப்புக்கொண்டார்கள், மற்றவர்களை நான் விடப்போவதில்லை.

ஒரு பள்ளியில் கண்காட்சி வைக்கலாம், எந்தெந்தப் பொருளை முகர்கிறார்கள் என்று புட்டிகளை வரிசையாக அடுக்கலாம் என்றார்கள். வேண்டவே வேண்டாம் என்றேன். தெரியாத பிள்ளைக்கும் பட்டியல் கொடுத்தது போலாகிவிடும். பிரிட்டனில் 1990இல் ஒரே ஆண்டில் 152 பேர் இதனால் இறந்தார்கள். 1992இல் அந்த அரசு விளம்பரம் செய்தபோது பெற்றோரைப் பார்த்துத்தான் பேசியது. அதன்பிறகு சாவு குறைந்தது. நாங்களும் பெற்றோரை மட்டும் அழைத்தோம். சட்டையில் பெயின்ட் வாடை, வாயைச் சுற்றிப் புண், காலியான குழாய்கள், காரணமில்லாத தள்ளாட்டம் இவற்றைக் கவனிக்கச் சொன்னோம். பார்த்துவிட்டால் அதட்டாதீர்கள், பிடுங்காதீர்கள், துரத்தாதீர்கள், அருகில் உட்காருங்கள், காற்றோட்டமான இடத்துக்கு மெதுவாக அழைத்துப் போங்கள், மயங்கினால் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐக் கூப்பிடுங்கள் என்று மருத்துவர் சொன்னார். நான் எழுந்து, துரத்தியவன் நான்தான் என்று சொன்னேன். கூட்டம் முடிந்தபின் ஒரு தாய் என்னிடம் வந்து நெடுநேரம் பேசாமல் நின்றார். பிறகு போதை மீட்பு உதவிக்கான 14446 என்ற எண்ணை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு போனார்.

பையனைப் பற்றிச் சொல்லவில்லையே. குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொன்னோம். இப்போது ஒரு விடுதியில் இருந்து பள்ளிக்குப் போகிறான். நடுவில் இரண்டு முறை ஓடிப்போய்ப் பழைய இடத்திலேயே கிடந்தான். இரண்டு முறையும் இட்லிக்கடை அம்மாதான் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக் கூட்டிவந்தார். பாடத்தில் மனம் நிற்கவில்லை, சில நாள் கை நடுங்குகிறது. தாய்க்கு ஞாயிறு பகலில் விடுப்பு, வந்து பார்க்கிறார். நானும் போகிறேன். முதல் மூன்று ஞாயிறு என் முகத்தையே பார்க்கவில்லை. நான்காவது வாரம் கடையில் துருப்பிடித்துக் கிடந்த ஒரு பழைய மாங்காய்ப் பூட்டை எடுத்துப் போனேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இன்று போனபோது அதைக் கழற்றி, துண்டு துண்டாகக் காகிதத்தில் வரிசையாக வைத்திருந்தான். சாவி வேண்டும் என்றான். சாவி தொலைந்துவிட்டது என்றேன். "அப்படியானால் செய்துவிடலாம்" என்றான்.

நீ அந்தப் பக்கம் போக வாய்த்தால், அந்த முதியவர்கள் முதல் வாரத்தில் பிள்ளைகளோடு பகல் முழுதும் என்ன செய்வார்கள் என்று விசாரித்து எழுது. நாளைக் காலை பூட்டுப் பட்டறைக்குப் போய் ஒரு அரமும் பித்தளைத் துண்டும் வாங்க வேண்டும்.

என்றும் உன்,
ராஜமாணிக்கம்