அடுப்பில் வைக்கும் வாசனை: போடிநாயக்கனூருக்கு ஒரு கடிதம்

சுங்கை சிப்புட்,
பேராக், மலேசியா.

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. இங்கே நான், இவர், அத்தை மூவரும் நலம். அங்கே நீ, மாமா, பிள்ளைகள், அம்மா எல்லாரும் நலமா? அம்மாவுக்கு வீசிங் எப்படி இருக்கிறது என்று மறக்காமல் எழுது. இந்தக் கடிதத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

மூத்தவள் கல்யாணத்துக்குத் தாம்பூலப் பையில் போட, நான் தீபாவளிக்குப் படம் அனுப்பிய வாசனைப் புட்டியைப் போலவே செய்ய வேண்டும், விவரம் சொல் என்று கேட்டிருந்தாய். வாட்ஸப்பில் பேசி அனுப்பினால் பாதியைக் கேட்டுவிட்டு மீதியை உன் இஷ்டத்துக்குச் செய்வாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். அடுப்படிச் சுவரில் ஒட்டிக்கொள்.

படத்தில் பார்த்தது ஊறுகாய் இல்லை, டீத்தூளும் இல்லை. காய்ந்த பழத்தோல், பட்டை, கிராம்பு, இலை கொஞ்சம் சேர்த்த கலவை. சின்னப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, இதைக் கொட்டி, ஒரு கொதி வந்ததும் தீயை அடங்க வைத்துவிட வேண்டும். ஆவியோடு வாசம் கிளம்பிக் கூடத்துக்கு, படுக்கையறைக்கு, வாசல் வரைக்கும் போகும். புகை கிடையாது, சாம்பல் கிடையாது. பிளக்கில் மாட்டுகிற ரூம் ஸ்ப்ரே டப்பா அடித்த வீட்டில் எனக்குத் தலைவலி வரும். இதில் வருவதில்லை.

இந்தப் பழக்கம் எனக்கு எப்படி வந்தது என்று கேட்டாயே, அத்தையால்தான் வந்தது. அவர் இருபது வயதிலிருந்து தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இந்தப் பக்கமெல்லாம் ஒருகாலத்தில் ரப்பர்தான். பக்கத்துக் கோலகங்சாரில் 1877-ல் நட்ட ரப்பர் மரம் ஒன்று இன்னும் நிற்கிறது, இவர் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். இப்போது பெரும்பாலும் எண்ணெய் எடுக்கிற செம்பனைதான். உறைந்து கெட்டியான ரப்பர் பாலின் நாற்றம் உனக்குத் தெரியாது. துணியில், முடியில், சோற்றுத் தூக்கில் எல்லாம் ஏறிக்கொள்ளுமாம். லயத்து வீட்டுக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, திரும்பியதும் குளித்து, பவுடர் போட்டு, பூ வைத்து, சாம்பிராணி காட்டினால்தான் மனுஷியாக உணர்வோம் என்பார். அந்தக் காலத்துப் பெண்களுக்கு வாசனை அலங்காரப் பொருள் இல்லை அக்கா. வேலையை வாசலோடு நிறுத்துகிற வழி. அதனால் அத்தையின் மூக்கை ஏமாற்ற முடியாது. என் கலவை எதுவாக இருந்தாலும் அவர் முகர்ந்து பார்த்துச் சரி என்ற பிறகுதான் புட்டியில் ஏறும். கிராம்பு ஒன்று கூடினாலும், "பல் டாக்டர் ரூம் மாதிரி இருக்கு, எடு" என்று சொல்லிவிடுவார்.

இங்கே தீபாவளிக்குத் திறந்த இல்ல உபசரிப்பு என்று வைப்பார்கள். மலாய்க்காரர், சீனர், நம்மாட்கள் என்று எல்லாரும் வந்து சாப்பிட்டுப் போவார்கள். அன்றைக்கு வீடு மணக்க வேண்டும். ஆனால் ஆட்டுக்கறியும் மீனும் பொரித்த எண்ணெயும் சேர்ந்து அடிக்கிற வாடைக்கு ஊதுபத்தி போதாது. சாம்பிராணி போட்டால் பூஜை நடப்பது போலாகி, வெளியே தயங்கி நிற்பவர்களும் உண்டு. அடுப்பில் கொதிக்கிற பட்டைக்கும் பழத்தோலுக்கும் எந்தச் சாமியும் இல்லை. கேட்டு வாங்கிப் போனவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தது, இப்போது நோன்புப் பெருநாளுக்கு, சீனப் பெருநாளுக்கு, பிறந்தநாளுக்கு என்று பழகிவிட்டது. கடையில் வாங்கிய பிஸ்கட் டின்னை விட இதற்குத்தான் மதிப்பு. காயா தீர்ந்த கண்ணாடிப் புட்டிகளை அக்கம்பக்கத்தார் கழுவி எனக்கென்று எடுத்து வைக்கிறார்கள். காயா என்றால் தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் சேர்த்துக் கிண்டுகிற ஜாம், ரொட்டிக்குத் தடவுவார்கள்.

நான் போடுவதை அப்படியே நீ போட முடியாது, போடவும் வேண்டாம். இங்கே ஈப்போவுக்குப் பக்கத்தில் தம்புன் என்ற ஊர் பம்ப்ளிமாசுப் பழத்துக்குப் பேர்போனது. சாலை ஓரமெல்லாம் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். பழத்தைத் தின்றுவிட்டுத் தோலை வைத்துக்கொள்வேன். சீனப் பெருநாள் சமயத்தில் வீடு வீடாக மண்டரின் ஆரஞ்சுப் பழத்தை ஜோடியாகக் கொடுப்பார்கள், அந்தத் தோலும் சேரும். சீனர்கள் அதை உலர்த்தி வருடக்கணக்கில் வைத்துச் சமையலுக்கும் மருந்துக்கும் எடுப்பது உண்டு. வேலியோரம் எலுமிச்சைப்புல் நிற்கிறது. பண்டான் இலை தொட்டியில் இருக்கிறது. தாழம்பூ வகையறாதான் அதுவும், ஆனால் வாசம் இலையில். பாஸ்மதி அரிசி வேகும்போது வருமே, அதே வாசம். ஆனால் பண்டான் காய்ந்தால் மணம் போய்விடும். அதனால் புட்டிக்குள் அடைப்பதில்லை, கொடுக்கிற அன்று பச்சையாக முடிச்சுப் போட்டு மேலே கட்டித் தருவேன்.

உனக்குப் போடியில் என்ன குறை? ஏலக்காய் ஏலம் நடக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு ஏலக்காய் அனுப்பட்டுமா என்று என்னைக் கேட்கிறாய்! நீ தரம் பிரிக்கிற இடத்தில் வெடித்த காய், வெளுத்த காய் என்று தள்ளுவது கொஞ்ச விலைக்குக் கிடைக்கும், அதுவே போதும். எட்டு மில்லிமீட்டர் பச்சைக் காயைப் பாத்திரத்தில் கொதிக்க வைப்பது பாவம். பாயசத்துக்கு உரித்த காயின் வெறும் தோலைக்கூடச் சேர்த்து வைக்கலாம். இந்த வேலையின் ருசியே அதில்தான் இருக்கிறது அக்கா. குப்பைக்குப் போக வேண்டியதில் முக்கால்வாசி வாசம் இருக்கிறது, காசு கொடுத்து வாங்க வேண்டியது பட்டையும் கிராம்பும் அன்னாசிப்பூவும் மட்டும்.

பழத்தோலுக்கு ஜூஸ் கடையில் சொல்லி வை. சாத்துக்குடித் தோல் மூட்டையாக வீசுகிறார்கள். ஆனால் அதன் மணம் மெல்லியது. கமலா ஆரஞ்சும் நார்த்தங்காயும்தான் ஏறி அடிக்கும். கல்யாணம் மாசியில் என்பதால் நமக்கு வசதி, மார்கழி தையில் கமலா ஆரஞ்சு மலிவாக இருக்கும், மழையும் ஓய்ந்திருக்கும். கார்த்திகையில் தொடங்காதே, காயாது.

காய வைப்பதுதான் இதில் உயிர், இங்கே நிறுத்திப் படி. தோலின் உள்ளே இருக்கிற வெள்ளைச் சதையைக் கரண்டியால் வழித்துவிடு. அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கசப்பும் அதுதான். பார்வைக்கு அழகாக முழு வட்டத் துண்டு வேண்டுமென்றால் பழத்தோடு அரை சென்டிமீட்டர் கனத்தில் நறுக்கு. அதற்குமேல் தடித்தால் நடுவில் ஈரம் நிற்கும். இங்கே காற்றே ஈரம் என்பதால் வெயிலில் வைத்தால் பூசணம்தான் பூக்கும், அத்தை முதலிலேயே எச்சரித்துவிட்டார். ஓவனில் நூறு டிகிரிக்குக் கொஞ்சம் கீழே வைத்து, மூன்று நான்கு மணி நேரம், நடுவில் ஒருமுறை திருப்பிப்போட்டு எடுக்கிறேன். உனக்கு மொட்டை மாடி இருக்கிறது. வெள்ளை வேட்டி விரித்து, மேலே ஒரு கொசுவலைத் துணி போட்டு, சாயங்காலம் பனி இறங்குவதற்குள் உள்ளே எடுத்துவிடு. ஒடித்தால் பட்டென்று உடைய வேண்டும், வளைந்தால் இன்னொரு நாள் வெயில். மாமா வேலை பார்க்கும் மலைத் தோட்டத்து ஸ்டோரில், ஏலக்காய் உலர்த்துகிற அறையில் ஓரமாக ஒரு தட்டு வைத்துக்கொள்ளலாமே என்று உனக்குத் தோன்றும், எனக்குத் தெரியும். வேண்டாம். ஏலக்காயில் ஆரஞ்சு வாசம் ஏறினால் அவர் முதலாளியிடம் பதில் சொல்ல வேண்டிவரும்.

ஒரு புட்டிக்கு நான் போடும் அளவு இது: காய்ந்த ஆரஞ்சு வட்டம் மூன்று அல்லது ஒரு கைப்பிடித் தோல், விரல் நீளப் பட்டை ஒன்று, கிராம்பு ஆறு, அன்னாசிப்பூ ஒன்று, தட்டிய ஏலக்காய் நாலைந்து, காய்ந்த எலுமிச்சைப்புல் ஒரு சிட்டிகைக் கட்டு. நீ புல்லுக்குப் பதில் வெட்டிவேர் போடு. மெதுவாகத்தான் மணக்கும், ஆனால் பாத்திரத்தை இறக்கிய பிறகும் வீட்டில் நிற்கும். பிரிஞ்சி இலை இரண்டு சேர்த்தால் பட்டையைக் குறைத்துக்கொள்ளலாம். மருக்கொழுந்து காயப்போட்டுப் பார்த்துவிட்டு எப்படி வந்தது என்று எனக்கு எழுது, இங்கே கிடைப்பதில்லை, கேட்கவே ஆசையாக இருக்கிறது.

பட்டை வாங்கும்போது கடைக்காரர் கெட்டியான ஒற்றைச் சுருளைத் தருவார். அது காசியா. கொதிக்க வைப்பதற்கு அது போதும், காரமாக ஏறும். மெல்லிய ஏடு ஏடாகச் சுருண்டிருக்கிற இலங்கைப் பட்டைக்கு அதிகக் காசு கொடுக்காதே. எதையும் பொடித்துப் போடாதே. பொடி தண்ணீரைக் கலக்கி அடியில் பிடிக்கும், புட்டியிலும் பார்க்க நன்றாக இராது.

இவர் பள்ளியில் வேதியியல் எடுக்கிறவர் அல்லவா, எதைச் செய்தாலும் பாடம் நடத்துவார். ஆனால் இது உனக்குப் பயன்படும், அதனால் சொல்கிறேன். கிராம்பில் மணக்கிற எண்ணெய்க்கு யூஜினால் என்று பெயராம். தனியாகக் கொதிக்க 250 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். நீராவியோடு சேர்ந்தால் தண்ணீர் கொதிக்கிற சூட்டிலேயே மேலே கிளம்பிவிடும். மலையில் புல்தைலம் வடிப்பதும் இந்தக் கணக்குதானாம். ஆரஞ்சுத் தோலின் எண்ணெய் அதைவிட லேசானது, முதல் அரைமணியிலேயே பறந்துவிடும். அதன் பிறகு வீட்டில் நிற்பது பட்டையும் கிராம்பும். அதனால்தான் விருந்தாளி வரும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு துண்டுப் பச்சைத் தோலைக் கிள்ளி உள்ளே போடச் சொல்லிச் சீட்டில் எழுதுகிறேன்.

சீட்டு ரொம்ப முக்கியம். நான் தமிழிலும் மலாயிலும் எழுதுவேன். நாலு டம்ளர் தண்ணீர், சிறு தீ, அரைமணிக்கு ஒருமுறை தண்ணீர் பார்த்து ஊற்ற வேண்டும். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வெளியே போகக் கூடாது, தூங்கவும் கூடாது. தண்ணீர் வற்றினால் பாத்திரம் கருகி, வாசனைக்கு வைத்தது தீய்ந்த நாற்றமாகி, அதற்கு மேலும் ஆபத்தாகலாம். ஆறியதும் மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாளும் ஒருமுறை கொதிக்க வைக்கலாம், பிறகு செடிக்கு ஊற்றிவிடலாம். "இது குடிப்பதற்கு அல்ல" என்பதைப் பெரிய எழுத்தில் எழுது. பார்த்தால் கஷாயச் சாமான் போலவே இருக்கிறது, நம்மூரில் ஒரு பெரியவராவது இருமலுக்கு என்று வடிகட்டிக் குடித்துவிடுவார்.

அம்மாவுக்காகத்தான் முதலில் கேட்டேன். மூச்சிரைப்பு இருப்பவர்களுக்கு இயற்கை வாசனையாக இருந்தாலும் அழுத்தமாக அடித்தால் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அம்மா இருக்கும்போது ஜன்னலைத் திறந்து வைத்துக் கொஞ்ச நேரம் மட்டும் வை. இருமல் வந்தால் உடனே இறக்கிவிடு.

இன்னொன்று, சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. இருநூறு தாம்பூலப் பையிலும் இதைப் போட வேண்டும் என்கிறாயே, எனக்குச் சம்மதமில்லை. புட்டிக்கு மூன்று வட்டம் என்றால் அறுநூறு வட்டம், ஏறக்குறைய நூறு பழம். கல்யாண வேலைக்கு நடுவில் அதை யார் நறுக்கித் திருப்பிப்போடுவது? கண்ணாடிப் புட்டி பஸ்ஸில் போகிறவர்களுக்குச் சுமை. பாதிப்பேர் என்னவென்று தெரியாமல் பரணில் போடுவார்கள். எல்லாருக்கும் தேங்காய், வெற்றிலை பாக்கு, மஞ்சள் பையோடு நிறுத்து. சம்பந்தி வீட்டார், தாய்மாமன் வீடு, கூடமாட நின்று வேலை செய்கிற பெண்கள், இவர்களுக்கு மட்டும் புட்டி. முப்பது நாற்பதுக்குள் வரும். மிச்சப் பேருக்கு ஆசையாக இருந்தால் வெள்ளைத் துணியில் தோலும் பட்டையும் கட்டி ஒரு முடிச்சாகப் போடு.

செய்து வைத்த பிறகு மூடி இறுக்கமாக இருக்கட்டும். அடியில் ஒரு கரண்டி வறுத்து ஆறவைத்த அரிசி போட்டால் மிச்சமிருக்கும் ஈரத்தை அது வாங்கிக்கொள்ளும். ஒரு வாரம் வைத்துப் பார், கண்ணாடியின் உள்பக்கம் வேர்த்தால் எல்லாவற்றையும் கொட்டி மறுபடி காய வை.

இங்கிருந்து தோல், இலை எதையும் நான் தபாலில் அனுப்பப் போவதில்லை, சுங்கத்தில் சிக்கல். கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு விமானம் பார்த்துக்கொண்டிருக்கிறோம், கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் வந்துவிடுவோம். அத்தையும் வருகிறார். அவர் முகர்ந்து பார்க்காமல் எந்தப் புட்டியையும் மூடாதே. சீட்டுகளை நான் வந்து எழுதுகிறேன், உன் கையெழுத்தில் எழுதினால் மருந்துக் கடைக்காரர்தான் படிக்க முடியும். புட்டிகளை மட்டும் இப்போதே சேர்க்கத் தொடங்கு, ஒரே அளவில் கிடைத்தால் நல்லது. வெட்டிவேர் கிலோ என்ன விலை என்று மாமாவைக் கேட்டு அடுத்த கடிதத்தில் எழுது.

இப்படிக்கு,
உன் அன்புத் தங்கை