அந்த ஒரு வரியை மாற்றிக் கொடுத்தவர்களுக்கு

ஊர்ப் பெரியவர்களுக்கும், சொந்தபந்தங்களுக்கும், என் வீட்டுக்காரரோடு பட்டாளத்தில் இருந்தவர்களுக்கும் வணக்கம்.

சென்னை ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் உத்தரவு போன மாதம் கைக்கு வந்தது. அவருடைய வலிப்பு நோயை ராணுவப் பணியால் வந்ததாகவே கருத வேண்டும், ஊன ஓய்வூதியம் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் "எவ்வளவு வரும்?" என்றுதான் கேட்டீர்கள். சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும்.

வெலிங்டனில் பயிற்சி முடித்து ஒன்பது வருடம் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருந்தவர் அவர். சியாச்சினில் இருந்து இறங்கி வந்த சில நாட்களில்தான் முதல் வலிப்பு. 2003-ல் மெடிக்கல் போர்டு 20 சதவீத ஊனம் என்று போட்டு வீட்டுக்கு அனுப்பியது. கூடவே ஒரு வரி: இது உடல்வாகிலேயே உள்ள நோய், பணிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பதினைந்து வருடம் முடியாததால் சர்வீஸ் பென்ஷனும் கிடையாது. பணம் போனதைப் பொறுத்துக்கொண்டோம். அந்த வரிதான் எங்களை அரித்தது. ஊர் வாயில் அது 'பரம்பரை வியாதி' ஆனது. பெரியவளைப் பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் அப்புறம் பதிலே சொல்லவில்லை. இத்தனைக்கும் அவர் வீட்டில் வேறு யாருக்கும் வலிப்பு வந்ததே இல்லை.

கீழத்தெரு சுபேதார் ஐயா, முதல் நன்றி உங்களுக்கு. அவர் திண்ணையில் விழுந்ததைப் பார்த்த மறுநாளே, தரம்வீர் சிங் வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்போடு வந்து நின்றீர்கள். அதுவும் வலிப்பு வழக்குதான். ராணுவத்தில் சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லையென்றால், பின்னால் வந்தது பணியால் வந்தது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு. "நீ ஒண்ணும் நிரூபிக்க வேண்டாம்மா, சேர்ந்தப்போ எடுத்த மெடிக்கல் பேப்பர் கிடைச்சா போதும்" என்றீர்கள். அன்று ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்தப் பேப்பருக்காகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஐந்து மனு எழுதிக் கொடுத்த தம்பி, நீ எங்கள் வீட்டுப் பிள்ளை. கொல்லத்திலிருந்து தன் செலவில் ரயிலேறி வந்து, அந்தப் பனியில் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்ட நாயக் அண்ணனுக்கு என்ன சொல்வது? பதினெட்டு வருடம் கழித்துப் பார்த்த இருவரும் பேசவே இல்லை, கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உத்தரவு வரும்வரை பீஸ் கேட்காத வக்கீல் அம்மாவுக்கும், ரோட்டில் விழுந்த ஒவ்வொரு முறையும் அவரைத் தூக்கிவந்து சேர்த்த டீக்கடைக்காரருக்கும் நன்றி.

சரி, பணம். விதிப்படி 20 சதவீதத்தை 50 ஆக உயர்த்திக் கணக்கிடுவார்கள். நிலுவை, தீர்ப்பாயத்தில் மனு போட்டதற்கு முந்தைய மூன்று வருடத்துக்கு மட்டும். மீதி வருடங்கள் போனது போனதுதான். அதில் எனக்கு வருத்தம் உண்டு, மறைக்க மாட்டேன்.

நம் வேலூர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள். இதே வரியை வாங்கிக்கொண்டு வந்தவர்கள் இன்னும் இருப்பார்கள். உத்தரவின் நகலும் நாங்கள் எழுதிய மனுக்களும் சுபேதார் ஐயா வீட்டில் இருக்கின்றன. டிஸ்சார்ஜ் புக்கை எடுத்துக்கொண்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் அங்கே இருப்பேன்.