பீரோவின் கீழ்த்தட்டு

அன்புள்ள கண்ணா,

"எல்லாத்தையும் கிளவுடில் போட்டாச்சாம்மா?" என்று போன வாரம் கேட்டாய். போட்டாச்சு. வீட்டுக் காகிதம், படம் எல்லாம் இப்போது இணையம் வழியாகக் கம்பெனிக்காரனின் கம்ப்யூட்டரில். விவரமாகச் சொல்ல ஆரம்பித்தால் உனக்கு மீட்டிங் வந்துவிடும், அதனால் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

இது ஏன் வேண்டும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பரில் ஜாபர்கான்பேட்டை வீட்டுக்குள் அடையாற்றுத் தண்ணீர் வந்தபோது நகையைப் பீரோவின் மேல்தட்டிலும் காகிதங்களைக் கீழ்த்தட்டிலும் வைத்திருந்த புத்திசாலி நான். உன் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை நியூஸ் பேப்பருக்கு நடுவில் வைத்து உலர்த்தியது நினைவிருக்கிறதா? மை கரைந்து நீலமாக ஒரு மேகம்தான் மிஞ்சியது. அரசாங்கம் முகாம் போட்டது, சான்றிதழுக்கு நகல் கிடைத்தது. எங்கள் கல்யாண ஆல்பத்தில் அப்பாவின் முகம் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டதே, அதற்கு எந்த முகாம்?

2023 மிக்ஜாம் புயலில் மூன்று நாள் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. கிளவுடில் இருந்த ஒரு படத்தைக்கூடத் திறக்க முடியவில்லை. அப்பா "இதுக்குத்தான் நான் ஜெராக்ஸ் எடுத்து வெச்சுக்கறேன்" என்று ஆரம்பித்துவிட்டார். ஆனால் நாலாம் நாள் போனைத் திறந்தால் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. தண்ணீர் தொடமுடியாத தட்டு அது ஒன்றுதான், ஒப்புக்கொள்கிறேன்.

சரி, குறைக்கு வருகிறேன். போனில் இடம் இல்லை என்று வந்ததும், கிளவுடில்தான் இருக்கிறதே என்று அறுபதாம் கல்யாணப் படங்களைப் போனிலிருந்து அழித்தேன். அங்கேயும் போய்விட்டது. நீதான் அன்றிரவு விழித்திருந்து குப்பைத்தொட்டியிலிருந்து மீட்டுக் கொடுத்தாய். இங்கே அழித்தால் அங்கேயும் அழிகிற மாதிரி அந்தப் போட்டோ செயலியைக் கட்டிவைத்திருக்கிறார்கள். 32 வருஷம் ரெக்கார்டு ரூமில் இருந்தவள், கண்ணாடியில் தெரிவதைப் பிரதி என்று நம்பிவிட்டேன்.

பிரதி என்றால் என்ன என்று கொரியாக்காரர்களைக் கேட்க வேண்டும். 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசாங்கத்தின் டேட்டா சென்டரில் லித்தியம் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் வேலைக் கோப்புகளைப் போட்டு வைக்கும் கிளவுடு, 858 டெராபைட், சாம்பல். வேறெங்கும் நகல் இல்லை. அளவு பெரிது, அதனால் நகல் எடுக்கவில்லையாம். பேப்பரில் படித்தபோது எனக்கு எங்கள் பழைய ரெக்கார்டு கீப்பர் ஞாபகம் வந்தது. கரையான் அரித்த கட்டைத் தட்டிவிட்டு "நிறைய இருக்கும்மா, எதைன்னு பார்க்கறது" என்பார்.

கிளவுடுக்குக் கொடுக்கிற வாடகை பெரிய விஷயமில்லை. கூகுளில் மெயில், டிரைவ், போட்டோ மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபி இலவசம். முன்பு தரத்தைக் கொஞ்சம் குறைத்துப் போடும் போட்டோவுக்குக் கணக்கே கிடையாது, 2021 ஜூன் 1-லிருந்து அதையும் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். வாடகை வீடுகளில் காலம் தள்ளியவளுக்கு இது புதிதா என்ன?

எனக்கு உறுத்துவது வேறு. பேங்க் லாக்கர் எடுக்கப் போனால் நாமினி யார் என்று ஃபாரத்திலேயே கேட்டுவிடுகிறார்கள். கிளவுடில் கணக்குத் தொடங்கும்போது யாரும் கேட்பதில்லை. மூன்றாவது மாடி அக்காவின் வீட்டுக்காரர் இறந்தபிறகு இன்ஷூரன்ஸ் காகிதமெல்லாம் அவர் கணக்குக்குள் மாட்டிக்கொண்டது. பாஸ்வேர்டு அவரோடு போயிற்று. அந்த அக்கா ஒவ்வொரு ஆபீசாக ஏறி இறங்கியதைப் பார்த்தபிறகுதான் தேடினேன். கூகுளில் செயலற்ற கணக்கு என்று ஒரு அமைப்பு இருக்கிறது. இத்தனை மாதம் நான் கணக்கைத் தொடவில்லை என்றால் இன்னாருக்குச் சொல்லு, இதையெல்லாம் கொடு என்று எழுதிவைக்கலாம். மூன்று மாதம் என்று போட்டு உன் மெயிலைக் கொடுத்திருக்கிறேன். அப்படி ஒரு மெயில் வந்தால் பதறாதே. முதலில் எனக்குப் போன் பண்ணு, சித்தி வீட்டில் சீரியல் பார்த்துக்கொண்டு போனை மறந்திருப்பேன்.

இன்னொன்று, இது அவசரம். என் கணக்கின் மீட்பு எண்ணாக உன் பழைய சென்னை நம்பர் இருக்கிறது. டப்ளின் போனதிலிருந்து நீ ரீசார்ஜ் செய்தாயா? விட்டுவிட்டால் அந்த நம்பர் யாருக்கோ போய்விடும், என் ஓடிபி அவர் போனில் அடிக்கும். நானே மாற்றிவிடுகிறேன், உன் அயர்லாந்து நம்பரைச் சரியாக எழுதி அனுப்பு.

பெயரும் மாற்றிவிட்டேன். நீ ஸ்கேன் செய்து போட்டதெல்லாம் எண்ணாகக் கிடந்தது. வீட்டுவரி ரசீது தேட ஒரு மத்தியானம் போயிற்று. கோப்பு எங்கேயும் ஓடிப்போவதில்லை கண்ணா, பேர் தெரியாமல்தான் தொலைகிறது. இப்போது 'வீட்டுவரி 2024 முதல் அரையாண்டு' என்று தமிழிலேயே இருக்கிறது. ஆதார், பான் இரண்டுக்கும் தனியாகப் பூட்டு போட்டிருக்கிறேன். பாஸ்வேர்டு உனக்குத் தெரியும், நம் பழைய நாயின் பெயரும் வருஷமும். வாட்ஸப்பில் கேட்காதே, சொல்லமாட்டேன்.

மூலப்பத்திரம் மட்டும் லாக்கரிலேயே இருக்கட்டும். கடனுக்குப் போனாலும் விற்கப் போனாலும் அந்தக் காகிதத்தைத்தான் கையில் வாங்கிப் பார்ப்பார்கள், படத்தைக் காட்டினால் சிரிப்பார்கள்.

ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கி எல்லாவற்றையும் அதிலும் ஏற்றியிருக்கிறேன். மதுரையில் சித்தி வீடு மாடியில் இருக்கிறது, அங்கே கொண்டுபோய் வைக்கப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை வைகையில் டிக்கெட். அப்பா தன் ஜெராக்ஸ் கட்டையும் கூடவே எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறார். நாலு கிலோ இருக்கும்.

அன்புடன்,
அம்மா