துணைக் கேள்வி

அன்புள்ள சண்முகம்,

பேத்தி பிறந்த செய்தி கேட்டு எங்கள் இருவருக்கும் ரொம்ப சந்தோஷம். பெயர் வைத்ததும் எழுது.

மழை வந்தாலே உங்கள் ஊர் சுரங்கப்பாதை குளமாகிவிடுவதைப் பற்றி இரண்டு பக்கம் பொரிந்து தள்ளிவிட்டு, “எம்.பி. டெல்லியில் கேள்வி கேட்டு என்ன கிழிக்கப் போகிறார்?” என்று முடித்திருந்தாய். உன் எரிச்சல் நியாயம்தான். ஆனால் அந்த முடிவை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

முந்த்ரா விவகாரம் உனக்கு நினைவிருக்கும். 1957-இல் எல்.ஐ.சி., தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் கம்பெனிப் பங்குகளை ஒன்றேகால் கோடி ரூபாய்க்குப் பக்கத்தில் வாங்கியது. அதைப் பற்றி மக்களவையில் கேள்வி வந்தபோது, முதலில் கிடைத்தது பிடிகொடுக்காத பதில்தான். ஃபெரோஸ் காந்தி விடவில்லை. அவர் ஆளும் கட்சிக்காரர், போதாக்குறைக்குப் பிரதமர் நேருவின் மருமகன் வேறு! டிசம்பரில் விவாதமே நடந்தது. பிறகு நீதிபதி சாக்ளாவின் விசாரணை. 1958 பிப்ரவரியில் நம் ஊர் டி.டி.கே. (டி.டி. கிருஷ்ணமாச்சாரி) நிதியமைச்சர் பதவியை விட்டார். அவர் திரும்ப மந்திரியானது தனிக்கதை.

அமைச்சர் வாசிக்கும் முதல் பதில் அதிகாரிகள் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தது. அதில் சிக்க மாட்டார்கள். அதற்கு மேல் எழுந்து கேட்கிற துணைக் கேள்வியில்தான் அமைச்சருக்குத் தன் துறை தெரியுமா என்பது வெளிச்சமாகும். 2020 செப்டம்பரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டு எழுத்துப் பதில் மட்டும் போதும் என்றபோது எனக்குக் கோபம் வந்தது அதனால்தான். காகிதத்திடம் துணைக் கேள்வி கேட்க முடியாதே.

ஆனால் வாய்மொழிப் பதில் கிடைப்பது குதிரைக்கொம்பு. மக்களவையில் அப்படிப் பதில் பெறும் ‘நட்சத்திரக் குறியிட்ட’ கேள்வி நாளுக்கு இருபதுதான், அதுவும் குலுக்கலில் வர வேண்டும். இருக்கிற ஒரு மணி நேரத்தில் ஐந்தாறைத் தாண்டினாலே அதிசயம். அமளி என்றால் அதுவும் போச்சு. நட்சத்திரம் இல்லாதவை 230 வரை போகும். எல்லாவற்றுக்கும் எழுத்தில் பதில்.

உங்கள் சுரங்கப்பாதைக்கு அந்த எழுத்துப் பதிலே போதும். எம்.பி. அலுவலகத்தில் மனு கொடுக்கும்போது கேள்வியையும் நீயே எழுதிக் கொடு. “தண்ணீர் தேங்குவதை அரசு அறியுமா?” என்று கேட்டால் “அறியும்” என்று முடித்துவிடுவார்கள். வடிகால் வேலைக்கு எந்தத் தேதியில் அனுமதி, எவ்வளவு ஒதுக்கீடு, இதுவரை எவ்வளவு செலவு, எப்போது முடியும் என்று (அ), (ஆ) போட்டுக் கேள். பதினைந்து நாள் முன்னறிவிப்பு வேண்டும், கூட்டத்தொடர் தொடங்குவதற்கு முன்பே ஓடு. “தகவல் திரட்டப்படுகிறது, அவையில் வைக்கப்படும்” என்று வந்தால் சோர்ந்துவிடாதே. அது அமைச்சர் அவைக்குக் கொடுத்த உறுதிமொழிக் கணக்கில் சேரும், மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். இழுத்தடிப்பார்கள்தான். ஆனால் அதைக் கேட்கவே அவையில் ஒரு குழு இருக்கிறது.

கேள்வியை எழுதி முடித்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்பு. ஓட்டை இருந்தால் அடைத்துத் தருகிறேன். தங்கச்சியிடம் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ராமு