கண்ணாடிப் பலகைக்கு முன்னால்: கருவி வடிவமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வீட்டுக் கருவிகளையும் பணம் செலுத்தும் இயந்திரங்களையும் வடிவமைக்கும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். ஒளியை அறவே உணராத கண்களுடன் வாழ்பவர்களில் ஒருவனாக இதை எழுதுகிறேன். எங்கள் வாழ்க்கை இருட்டறையில் தடுமாறுவதைப் போன்றது என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது பெரும்பாலும் ஒழுங்கால் நடப்பது. உப்புக்கும் சர்க்கரைக்கும் வெவ்வேறு வடிவப் புட்டிகள், சட்டையின் நிறத்தை அறிய உள்பக்கத்தில் ஒரு தையல் முடிச்சு, நீர் நிரம்புவதைச் சொல்லும் ஓசை என்று எல்லாவற்றுக்கும் ஓர் அடையாளம் வைத்திருக்கிறோம். அந்த ஒழுங்கு குலைவது உங்கள் வழவழப்பான கண்ணாடிப் பலகையின் முன்னால்தான்.

முன்பு சலவை இயந்திரத்தின் திருகுக் குமிழை எத்தனை 'டிக்' ஒலிக்குத் திருப்ப வேண்டும் என்று எண்ணி வைத்துக்கொண்டால் போதும். இன்று அங்கே தொடுபலகை இருக்கிறது. நீங்கள் கண்ணால் தேடுகிறீர்கள், விரலால் அழுத்துகிறீர்கள். அவை இரண்டு செயல்கள். எங்களுக்குத் தேடுவதும் விரல்தான் என்பதால், ஒரு பொத்தானைத் தேடும்போதே வேறு நான்கை இயக்கிவிடுகிறோம். மின்னடுப்பில் இது வெறும் எரிச்சல் அல்ல, ஆபத்து.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. 2009இல் ஐபோனில் வந்த 'வாய்ஸ்ஓவர்' வசதியில், ஒருமுறை தொட்டால் அந்த இடத்தில் இருப்பதைப் பேசும். இருமுறை தட்டினால்தான் இயங்கும். தேடுவதையும் அழுத்துவதையும் பிரித்த அந்த எளிய யோசனை, பல ஆண்டுகள் கழிந்தும் பல அடுப்புகளுக்கும் ஓவன் எனப்படும் அடுமனைப் பெட்டிகளுக்கும் வந்து சேரவில்லை. அதைவிடவும் எளிய வழி விசைப்பலகையிலேயே இருக்கிறது: எஃப், ஜே விசைகளின் மேடுகளும் எண்பலகையில் 5இன் மேலுள்ள புள்ளியும் பார்வையுள்ளவர்களுக்கும் அன்றாடம் உதவுகின்றன.

'கைப்பேசிச் செயலியில் இயக்கிக்கொள்ளலாமே' என்ற பதில் எங்களுக்குப் பழகிவிட்டது. பெயரிடப்படாத பொத்தான்கள் நிறைந்த செயலியில், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளான திரைவாசிப்பான் 'பொத்தான், பொத்தான்' என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருக்கும். நேற்று வேலை செய்தது இன்றைய புதுப்பிப்பில் நின்றுபோவதும் உண்டு. விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் எழுத்து ஒட்டிகளும் தனியே போதா. 1824இல் லூயி பிரெய்ல் வகுத்த ஆறு புள்ளி முறைக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன் பெரிது. ஆனால் பார்வைக் குறைபாடு உள்ளவர்களில் பெரும்பாலோர் ஐம்பது வயதைக் கடந்தவர்கள், அவர்களில் பலர் பிரெய்ல் கற்றதே இல்லை.

பணம் செலுத்தும் கருவியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். எண்விசைகளே இல்லாத திரையில் இரகசிய எண்ணை இடச் சொன்னால், அதை அருகிலிருக்கும் அந்நியரின் காதில் சொல்வதைத் தவிர எங்களில் பலருக்கு வேறு வழி இருப்பதில்லை. ஐக்கிய நாடுகள் அவை 2006இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கை, 9ஆவது பிரிவில் அணுகல் வசதியைப் பற்றிப் பேசுகிறது. அதைப் பின்பற்றும் பொறுப்பு அரசுகளுடையது என்றாலும், பலகையில் பொத்தான் இருக்குமா இருக்காதா என்று முடிவு செய்வது உங்கள் மேசையில்தான்.

ஆகவே தொடங்கல், நிறுத்தல், கூட்டல், குறைத்தல் ஆகியவற்றுக்கேனும் விரலுக்குத் தட்டுப்படும் விசைகளை வையுங்கள். கூட்டும்போதும் குறைக்கும்போதும் வெவ்வேறு ஒலி எழட்டும். கருவி எப்போதும் ஒரே நிலையிலிருந்து தொடங்கினால், அழுத்தங்களை எண்ணியே நாங்கள் இயக்கிக்கொள்வோம். கருவியின் உடலை வார்க்கும் அச்சு உறுதியாவதற்கு முன்பே பார்வையற்ற பயனர்களைச் சம்பளம் கொடுத்து அழைத்துச் சோதியுங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு நீங்களே சோதிப்பதில் முதல் ஒரு மணி நேரத் தடுமாற்றம்தான் தெரியும், பழகிய கையின் தேவை தெரியாது. மின்திறனையும் நிறத்தையும் அச்சிடும் பெட்டியின் மீது, பார்வையின்றி இதை இயக்க முடியுமா என்பதையும் ஒரு வரியில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
பார்வையற்ற ஒரு பயனர்